ஓட்டைதான் எக்கோவில் தெரிகிறதே, பிறகு ஏன் கதீட்டர் பரிசோதனை?

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. நான்காவது மாதத்தில் இதயத்தின் கீழறைச் சுவரில் பெரிய ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்து, சீக்கிரம் ஆபரேஷன் செய்யச் சொன்னார்கள். அப்போது பால் குடிக்கவே சிரமப்படுவாள்; தலையெல்லாம் வியர்த்துக் கொட்டும்; மாதம் தவறாமல் சளிக்காய்ச்சல் வரும். இவ்வளவு சின்னக் குழந்தையின் நெஞ்சைத் திறப்பதா என்று வீட்டுப் பெரியவர்கள் பயந்ததால் தள்ளிப்போட்டோம். ஒன்றரை வயதுக்குப் பிறகு அவளாகவே தேறிவிட்டாள். எடை ஏறியது, சளி நின்றது. ஓட்டை அடைபட்டிருக்கும் என்று நாங்களும் இருந்துவிட்டோம். சென்ற மாதம் பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு சந்தேகப்பட்டு எக்கோவுக்கு அனுப்பியது. ஓட்டை அப்படியே இருக்கிறது, நுரையீரல் ரத்த அழுத்தம் மிக அதிகம் என்கிறார்கள். விரலில் மாட்டிப் பார்த்தபோது ஆக்சிஜன் 94. மாடிப்படி ஏறி வந்த பிறகு 89. ஒரு மருத்துவர் உடனே ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர் காலம் கடந்துவிட்டது என்கிறார். மூன்றாமவர் தொடை வழியாக டியூப் விட்டுப் பார்த்த பிறகே எதையும் சொல்ல முடியும் என்கிறார். எக்கோவிலேயே எல்லாம் தெரியும்போது அந்தப் பரிசோதனை எதற்கு? அது ஆபத்தில்லையா? ஓட்டைதான் காரணம் என்றால் அதை அடைத்துவிட்டால் தீர்ந்ததுதானே?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, நீங்கள் ஆறுதலாக எழுதிய வரிதான்: "ஒன்றரை வயதுக்குப் பிறகு அவளாகவே தேறிவிட்டாள்." பெரிய ஓட்டை உள்ள ஒரு குழந்தை ஆபரேஷன் இல்லாமல் தேறினால், ஓட்டை சுருங்கியிருக்கலாம், அது நடப்பதுண்டு. ஆனால் ஓட்டை அப்படியே இருக்கக் குழந்தை மட்டும் தேறியிருக்கிறது என்றால், நுரையீரலுக்குள் போகும் ரத்தத்தின் அளவு குறைந்திருக்கிறது என்று பொருள். ஏன் குறைந்தது என்பதுதான் இப்போதைய கேள்வி. அந்தக் கேள்விக்கு எக்கோ பாதி பதில் சொல்லும். மீதியை, தொடை வழியாக டியூப் விட்டுப் பார்க்கும் அந்தக் கதீட்டர் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

பிறந்த குழந்தையின் நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுக்கமாக இருக்கும். முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் அவை மெல்லத் தளரும். தளர்ந்ததும், கீழறைச் சுவரில் பெரிய ஓட்டை இருந்தால், உடலுக்குப் போக வேண்டிய ரத்தத்தில் பெரும்பங்கு, எதிர்ப்பு (அதாவது ரத்தம் பாய்வதற்குக் குழாய்கள் தரும் தடை) குறைந்த நுரையீரல் பக்கம் பாயும். பால் குடிக்கையில் மூச்சு வாங்குவதும், தலை வியர்ப்பதும், எடை ஏறாததும், அடிக்கடி சளி பிடிப்பதும் அந்த அதிகப்படி ஓட்டத்தின் விளைவுகள். குழந்தை அவதிப்படுகிறது, ஆனால் நுரையீரல் இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கு அந்த அவதியே சாட்சி. அந்த வயதில் அறுவைச் சிகிச்சையை வற்புறுத்துவது அதனால்தான்.

அதிக ஓட்டத்தையும் அதிக அழுத்தத்தையும் மாதக்கணக்கில் தாங்கும் சிறு ரத்தக்குழாய்கள் தங்களைத் தற்காத்துக்கொள்ளத் தொடங்குகின்றன. முதலில் அவற்றின் தசைச்சுவர் தடிக்கிறது. பிறகு உட்சவ்வு வளர்ந்து உள்வழி குறுகுகிறது. கடைசியில் சில குழாய்கள் முழுதாக அடைபட்டுப் போகின்றன. ஹீத், எட்வர்ட்ஸ் என்ற இருவர் 1958-ல் இந்த மாற்றங்களை ஆறு படிகளாகப் பிரித்தார்கள். முதல் படிகளில் இருப்பவை, ஓட்டையை அடைத்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். கடைசிப் படிகளில் இருப்பவை திரும்புவதில்லை. எதிர்ப்பு ஏற ஏற ஓட்டையின் வழியே நுரையீரலுக்குப் பாயும் ரத்தம் குறையும், மூச்சு வாங்குவது குறையும், எடை ஏறும். வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைவார்கள். எதிர்ப்பு மேலும் ஏறினால் ஓட்டம் திசை மாறி, ஆக்சிஜன் குறைந்த ரத்தம் உடலுக்குள் போகத் தொடங்கும். 1897-ல் விக்டர் ஐசன்மெங்கர் விவரித்த நோயாளி இந்தக் கட்டத்தில் இருந்தவர். பிற்காலத்தில் பால் உட் என்ற ஆங்கிலேய இதயநோய் நிபுணர் இந்த நிலைக்கு ஐசன்மெங்கரின் பெயரையே வைத்தார்.

மாடிப்படி ஏறிய பிறகு உங்கள் மகளின் அளவு 89-க்கு இறங்கியதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓய்வில் இல்லாத எதிர்த்திசை ஓட்டம் உழைப்பின்போது வருகிறதோ என்ற சந்தேகத்தை அது எழுப்புகிறது. அதே சமயம், விரலில் மாட்டும் கருவி குளிர்ந்த விரலிலும் அசையும் கையிலும் தவறான எண்ணைக் காட்டக்கூடியது. எனவே அந்த ஒரு எண்ணை வைத்துக் காலம் கடந்துவிட்டது என்று தீர்ப்பெழுதவும் நான் தயாராக இல்லை.

இனி எக்கோவைப் பற்றி. தேர்த்திருவிழா அன்று மாடியில் நின்று தெருவைப் பார்க்கிறீர்கள், கூட்டம் நெருக்கியடிக்கிறது. கூட்டம் அளவுக்கு மீறி வந்ததால் நெருக்கடியா, அல்லது இருபக்கமும் கடைகளைப் போட்டுத் தெருவைக் குறுக்கிவிட்டதால் நெருக்கடியா என்பது மேலிருந்து பார்க்கும்போது தெரியாது. தெருக்கோடியில் நின்று, நிமிடத்துக்கு எத்தனை பேர் வெளியே வருகிறார்கள் என்று எண்ணினால் தெரிந்துவிடும். எக்கோ காட்டுவது நெருக்கடியை, அதாவது அழுத்தத்தை. பெரிய ஓட்டை உள்ள இதயத்தில் இரண்டு கீழறைகளின் அழுத்தமும் ஏறக்குறைய சமமாகத்தான் இருக்கும் என்பதால், அறிக்கையில் 'மிக அதிக நுரையீரல் அழுத்தம்' என்று எழுதியிருப்பது அந்த ஓட்டையின் அளவைத் திருப்பிச் சொல்வதுபோலத்தான். அந்த அழுத்தம் அதிக ஓட்டத்தால் வந்ததா, குறுகிய குழாய்களால் வந்ததா என்பதே நமக்குத் தேவை. முதலாவது என்றால் ஆபரேஷன். இரண்டாவது முற்றிப்போயிருந்தால் ஆபரேஷன் கூடாது. எக்கோ பார்ப்பவர் இடது மேலறையும் இடது கீழறையும் விரிந்திருக்கின்றனவா, ஓட்டையில் ரத்தம் எந்தப் பக்கம் பாய்கிறது என்பவற்றைக் கொண்டு நல்ல ஊகம் சொல்வார். சின்னக் குழந்தைக்குப் பெரும்பாலும் அந்த ஊகமே போதும். நான்கு மாதக் குழந்தைக்கு மூச்சு வாங்கி, மார்பு எக்ஸ்-ரேயில் இதயம் பெருத்து, எக்கோவில் ஓட்டம் தெளிவாக நுரையீரல் பக்கம் இருந்தால், யாரும் கதீட்டர் கேட்பதில்லை. நேராக அறுவை அரங்குக்கு அனுப்பிவிடுவார்கள். ஆறு வயதில், 94 என்ற அளவோடு வரும் குழந்தைக்கு ஊகம் போதாது.

கதீட்டர் பரிசோதனையை எல்லோரும் 'ஆஞ்சியோ' என்று சொல்லிவிடுகிறார்கள். மாரடைப்பு வந்த பெரியவர்களுக்குச் செய்யும் ஆஞ்சியோவும் இதுவும் கேத் லேப் என்ற ஒரே அறையில் நடந்தாலும் நோக்கம் வேறு. அங்கே தேடுவது அடைப்பு. இங்கே படத்துக்கு இரண்டாம் இடம்தான், அளவுகளே முக்கியம். தொடை இடுக்கில் உள்ள சிரை வழியாகவும் தமனி வழியாகவும், குறுக்களவு இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிய குழாய்களை இதயத்துக்குள் செலுத்தி, ஒவ்வோர் அறையிலும் அழுத்தத்தைப் பதிவு செய்து, சிறிதளவு ரத்தம் எடுத்து ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்ப்பார்கள். மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை, வலது மேலறை, வலது கீழறை, நுரையீரல் தமனி, முடிந்தால் நுரையீரல் சிரை, பிறகு மகாதமனி என்று ஒவ்வோர் இடமாகப் போவார்கள். வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் ஜெர்மானிய மருத்துவர் 1929-ல் தன் கைச்சிரை வழியாகவே ஒரு குழாயை இதயம் வரை செலுத்திக்கொண்டு, எக்ஸ்-ரே அறைக்கு நடந்து போய்ப் படம் எடுத்துக்கொண்டார். அன்று அவரைக் கண்டித்தார்கள். 1956-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். டியூப் என்ற சொல்லே உங்கள் வீட்டில் பயமுறுத்துவதாகத் தெரிவதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

அளவுகளை எடுத்த பிறகு நடப்பது கணக்கு. அடால்ஃப் ஃபிக் என்பவர் 1870-ல் சொன்ன எளிய விதி ஒன்று இருக்கிறது. உடல் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்சிஜன் செலவழிக்கிறது, நுரையீரலுக்குள் போகும் ரத்தத்துக்கும் திரும்பி வரும் ரத்தத்துக்கும் ஆக்சிஜன் எவ்வளவு வேறுபடுகிறது என்ற இரண்டும் தெரிந்தால், எத்தனை லிட்டர் ரத்தம் ஓடியது என்று சொல்லிவிடலாம். தெருக்கோடியில் நின்று எண்ணுவது என்றேனே, அது இதுதான். கற்பனையான ஒரு குழந்தையை வைத்து இதைப் போட்டுக் காட்டுகிறேன். இவை உங்கள் மகளின் எண்கள் அல்ல. ஹீமோகுளோபின் 12 கிராம். உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்தில் 160 மில்லி ஆக்சிஜன் செலவு. மேற்பெருஞ்சிரையில் ஆக்சிஜன் செறிவு, அதாவது ஹீமோகுளோபின் சுமக்கக்கூடியதில் நிரம்பியிருக்கும் பங்கு, 64 சதவீதம், கீழ்ப்பெருஞ்சிரையில் 68. மேலதற்கு மூன்று பங்கும் கீழதற்கு ஒரு பங்கும் கொடுத்துச் சராசரி பார்த்தால் 65. நுரையீரல் தமனியில் 82, நுரையீரல் சிரையில் 98, மகாதமனியில் 96. உடல் பக்கம் வித்தியாசம் 31. நுரையீரல் பக்கம் 16. ஆகவே உடலுக்குப் போவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ரத்தம் நுரையீரலுக்குப் போகிறது. லிட்டர் கணக்கில் அது நிமிடத்துக்கு 6.1. நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 62 மி.மீ. பாதரசம், இடது மேலறையில் 8, வேறுபாடு 54. ஐம்பத்து நான்கை 6.1-ஆல் வகுத்தால் எதிர்ப்பு 8.8 உட் அலகு என்று வரும். அலகின் பெயரும் அந்தப் பால் உட்டின் பெயர்தான்.

அந்த 8.8 எதைச் சொல்கிறது? நலமாக உள்ள குழந்தைக்கு இது 3-க்குக் கீழே இருக்கும். ஓட்டையை அடைக்கலாமா என்பதற்கு வழிகாட்டு நெறிகள் ஒரே கோட்டைப் போடவில்லை. 4-க்குக் கீழே என்றால் தயக்கமின்றிச் செய்யலாம் என்கிறது ஒன்று. 6 வரை செய்யலாம் என்கிறது இன்னொன்று. 8-க்கு மேல் போனால் பொதுவாக வேண்டாம் என்பதில் மட்டும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இடைப்பட்ட பகுதியில் இருப்பவர்களுக்கு ஒவ்வொருவராகப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். உங்களுக்கு இரு மருத்துவர்கள் இரு பதில் சொன்னதை நான் குறையாகக் கருதவில்லை. எண் கையில் இல்லாதபோது இருவரும் தங்கள் அனுபவத்தைக் கொண்டு பேசியிருக்கிறார்கள். மூன்றாமவர் எண்ணைக் கேட்கிறார். நான் அவர் பக்கம்.

எண் கிடைத்துவிட்டால் எல்லாம் தெளிவாகிவிடும் என்றும் நினைத்துவிடாதீர்கள். மேலே போட்ட கணக்கில் 160 மில்லி ஆக்சிஜன் செலவு என்று எடுத்துக்கொண்டேன். பல கேத் லேப்களில் அதை நேரடியாக அளப்பதில்லை. வயது, பாலினம், நாடித்துடிப்பு ஆகியவற்றைக் கொண்ட பட்டியலிலிருந்து எடுக்கிறார்கள். மயக்கத்தில் இருக்கும் குழந்தை உண்மையில் 130 மில்லிதான் செலவழித்திருந்தால், அதே அழுத்தம், அதே செறிவு இருந்தும் எதிர்ப்பு 8.8 அல்ல, 10.8. மயக்க மருந்து கூடி மூச்சு மந்தமானால் ரத்தத்தில் கரியமிலவாயு ஏறி நுரையீரல் குழாய்கள் இறுகும். அப்போது கிடைக்கும் எண் குழந்தையின் இயல்பான எண் அல்ல. சளியோடு பரிசோதித்தாலும் அப்படித்தான். எனவே தசமப் புள்ளியோடு வரும் ஓர் எண்ணைப் பார்த்து, அது எடைத்தராசு காட்டும் எண்ணைப்போல உறுதியானது என்று நம்ப வேண்டியதில்லை.

முதல் அளவு அதிகமாக வந்தால் பரிசோதனை அங்கேயே முடிந்துவிடாது. முழு ஆக்சிஜனும், வசதியுள்ள இடங்களில் நைட்ரிக் ஆக்சைடு வாயுவும் பத்துப் பதினைந்து நிமிடம் சுவாசிக்கக் கொடுத்துவிட்டு, எல்லா அளவுகளையும் மறுபடி எடுப்பார்கள். குழாய்கள் வெறுமனே இறுகியிருந்தால் தளரும், எதிர்ப்பு இறங்கும். உட்சுவர் வளர்ந்து அடைபட்டிருந்தால் அவ்வளவாக இறங்காது. இங்கேதான் ஒரு பிழை எளிதாக நுழையும் என்பதால் சற்று நின்று சொல்கிறேன். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது ஆக்சிஜன் ஏறக்குறைய முழுவதும் ஹீமோகுளோபினோடு சேர்ந்துதான் பயணிக்கிறது. ரத்தத்தில் கரைந்திருப்பது அற்பம், கணக்கில் விட்டுவிடலாம். முழு ஆக்சிஜன் கொடுக்கும்போது நுரையீரல் சிரையில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 500 வரை போகும். அப்போது கரைந்திருப்பது மட்டுமே லிட்டருக்கு 15 மில்லி.

நம் கற்பனைக் குழந்தைக்கே இதைப் போட்டுப் பார்ப்போம். வாயு கொடுத்த பிறகு நுரையீரல் தமனியில் செறிவு 95, சிரையில் 100; தமனியின் சராசரி அழுத்தம் 54, இடது மேலறையில் 10. கரைந்த ஆக்சிஜனைச் சேர்க்காமல் கணக்கிட்டால் ஓட்டம் கிட்டத்தட்ட 20 லிட்டர் என்று வந்து, எதிர்ப்பு 2.2-க்கு விழும். குடும்பத்தைக் கூப்பிட்டு, ஆபரேஷன் செய்யலாம் என்று மகிழ்ச்சியோடு சொல்லிவிடத் தோன்றும். கரைந்ததையும் சேர்த்தால் ஓட்டம் 7.7 லிட்டர், எதிர்ப்பு 5.7. முன்பிருந்த 8.8-ஐவிட நல்ல இறக்கம்தான், ஆனால் 2.2 அல்ல. நான் பயிற்சியில் இருந்த காலத்தில் இப்படி ஒரு தாளை மூத்த மருத்துவரிடம் நீட்டினேன். அவர் திட்டவில்லை. பேனாவைக் கையில் கொடுத்து, "கரைஞ்சது எங்கே?" என்று மட்டும் கேட்டார். இன்றுவரை யாருடைய அறிக்கையைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது அந்த வரிக்குத்தான்.

இதனால் எண்ணோடு குழந்தையையும் பார்க்கிறோம். ஸ்டெதாஸ்கோப்பை இதய நுனியில் வைத்தால், அதிக ரத்தம் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மைட்ரல் வால்வைக் கடக்கும் மெல்லிய உருளொலி கேட்கிறதா? கேட்டால் நல்ல அடையாளம். நுரையீரல் வால்வு மூடும் ஓசை சுத்தியல் அடிபோல் கேட்டு, வேறு முணுமுணுப்பே இல்லாமல் நெஞ்சு அமைதியாக இருந்தால் கவலை. எக்ஸ்-ரேயில் இதயம் பெருத்து, ரத்தக்குழாய்கள் ஓரம்வரை நிறைந்து தெரிந்தால் நல்லது; இதயம் சாதாரண அளவில் இருக்க, நடுவில் தமனி மட்டும் புடைத்து, ஓரத்தில் கிளை வெட்டிய மரம்போல வெறிச்சோடியிருந்தால் கவலை. நான்காவது மாதத்தில் எடுத்த எக்ஸ்-ரேயும் எக்கோ அறிக்கையும் உங்களிடம் இருந்தால், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, எடுத்துச் செல்லுங்கள். அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள மாற்றமே ஒரு தகவல்தான். மகளுக்குக் குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பெருத்த டான்சிலும் அடினாய்டும் இரவெல்லாம் மூச்சை அடைத்து நுரையீரல் அழுத்தத்தைக் கூட்டும். அது சரிசெய்யக்கூடிய காரணம். பலர் கேட்க மறந்துவிடும் கேள்வியும்கூட.

ஓட்டையை அடைத்துவிட்டால் தீர்ந்ததுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். நுரையீரல் குழாய்கள் நல்ல நிலையில் இருக்கும்வரை அது சரி. அவை முற்றிக் குறுகிவிட்ட பிறகு, அதே ஓட்டை வலது கீழறைக்கு ஒரு வடிகாலாகிவிடுகிறது. எதிர்ப்பைத் தாண்டி ரத்தத்தைத் தள்ள முடியாத நேரத்தில் ஒரு பகுதி அந்த வழியே உடலுக்குப் போய்விடும். உதடு நீலமாகும், ஆனால் மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கும். வடிகாலை அடைத்துவிட்டால் வலது கீழறை முட்டுச்சந்தில் மாட்டிக்கொள்ளும். அறுவை முடிந்த அன்றிரவே திடீர் அழுத்த நெருக்கடி வரலாம். அதைத் தாண்டிவிட்டாலும் சில ஆண்டுகளில் வலது பக்கம் தளர்ந்துவிடும். முற்றிய நிலையில் ஓட்டையை அடைத்துக்கொண்டவர்களைவிட, அடைக்காமல் விடப்பட்டவர்கள் அதிக காலம் வாழ்கிறார்கள் என்பது இந்தத் துறையில் வருத்தத்தோடு கற்றுக்கொண்ட பாடம். எனவே 'ஆபரேஷன் வேண்டாம்' என்று ஒரு மருத்துவர் சொன்னால், அவர் கைவிட்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆபத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். பொதுவாகக் குழந்தைகளுக்குக் கதீட்டர் பரிசோதனை பாதுகாப்பானது. ஆனால் நுரையீரல் அழுத்தம் அதிகமுள்ள குழந்தைகளுக்கு ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். வலி, குளிர், மூச்சு மந்தமாதல் இவற்றில் எதுவும் குழாய்களைச் சட்டென்று இறுக்கி நெருக்கடியை வரவழைக்கக்கூடும். தொடைத் தமனியில் ரத்தம் உறைந்து கால் குளிர்வது, குழாய் இதயச்சுவரைத் தொடும்போது துடிப்பு தாறுமாறாவது, குத்திய இடத்தில் ரத்தக்கசிவு ஆகியவையும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை அங்கேயே சமாளிக்கக்கூடியவை. எனவே பரிசோதனை எங்கே நடக்கிறது என்பது முக்கியம். பெரியவர்களுக்கு நாள்தோறும் ஸ்டென்ட் வைக்கும் இடம் என்பது இங்கே தகுதியாகாது. குழந்தைகளின் இதயநோய்க்கென்றே பயிற்சி பெற்ற மருத்துவர், இத்தகைய குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மருத்துவர், நைட்ரிக் ஆக்சைடு வசதி, குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு, அதே கட்டடத்தில் குழந்தை இதய அறுவை நிபுணர் ஆகிய ஐந்தும் உள்ள இடத்தில் செய்யுங்கள். பக்கத்து ஊரில் குறைந்த செலவில் செய்கிறார்களே என்று போக வேண்டாம்.

செலவைப் பொறுத்தவரை, உங்கள் மகளைப் பள்ளியில் கண்டுபிடித்து அனுப்பிய குழுவுக்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருக்கிறது. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் டி.இ.ஐ.சி. என்று சொல்லப்படும், குழந்தைகளின் குறைகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மையம் இருக்கும். அவர்கள் கொடுத்த சீட்டோடும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையோடும் அங்கே போய், எந்த மருத்துவமனையில் பரிசோதனை, எந்தெந்தச் செலவுக்கு அனுமதி கிடைக்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.

முடிவு எப்படி வரலாம்? எதிர்ப்பு குறைவாகவோ, வாயு கொடுத்ததும் நன்றாக இறங்குவதாகவோ இருந்து, ஓட்டமும் இன்னும் நுரையீரல் பக்கம் கணிசமாக இருந்தால், அறுவையை இனி ஒரு மாதமும் தள்ளாதீர்கள். இடைப்பட்ட அளவாக இருந்தால் சில்டெனாஃபில், போசென்டான் போன்ற மருந்துகளைச் சில மாதம் கொடுத்துவிட்டு மறுபடி அளந்து பார்க்கலாம் என்பார்கள். சில இடங்களில் ஒருவழித் திறப்பு வைத்த ஒட்டால் ஓட்டையை மூடுவார்கள். இந்த வழி சிலருக்குப் பலன் தருகிறது. ஆனால் மருந்தால் எண் இறங்கிய எல்லோருக்கும் குழாய்கள் குணமாகிவிட்டன என்று சொல்ல முடியாது. ஆபரேஷனுக்குப் பிறகும் பல ஆண்டு கண்காணிப்பு தேவை. இந்த இடைப்பட்ட நிலையில் அவசரமாக ஆம் சொல்பவரைவிட, அறுவை நிபுணரையும் சேர்த்துக்கொண்டு கூட்டாகப் பேசி, காரணத்தோடு பதில் சொல்பவரை நம்புங்கள்.

எதிர்ப்பு மிக அதிகம், இறங்கவும் இல்லை என்றால் ஓட்டை அப்படியே இருக்கும். மருந்தும் கண்காணிப்பும் தொடரும். அப்படியானவர்கள் படித்து, வேலைக்குப் போய், நாற்பது வயதையும் தாண்டி வாழ்வதை நாங்கள் பார்க்கிறோம். உடலில் நீர் வற்றவிடக் கூடாது, இரும்புச்சத்துக் குறையக் கூடாது, பல் சுத்தம் முக்கியம். வளர்ந்த பிறகு கர்ப்பம் உயிருக்கே ஆபத்து என்பதை அவளுக்கு உரிய வயதில் சொல்ல வேண்டியிருக்கும். அது இன்றைக்குப் பேச வேண்டியதல்ல.

நீங்கள் கேட்காத ஒரு கேள்வியும் கடிதத்தில் இருக்கிறது. தள்ளிப்போட்டது தவறா என்றால், ஆமாம், அன்று சொன்ன அந்த முதல் சில மாதங்கள்தான் நல்ல நேரம். ஆனால் குழந்தை தேறியதைப் பார்த்து நிம்மதியடைந்தது உங்கள் அலட்சியமல்ல. தேறினாலும் திரும்பக் கூட்டி வாருங்கள் என்று யாரோ அன்று அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் யார் மறுத்தார்கள் என்ற பேச்சை இப்போது எடுக்க வேண்டாம். அந்தக் குழந்தைக்கு ஆறு வயது, பெரியவர்கள் பேசுவது எல்லாம் காதில் விழும்.

பரிசோதனை முடியும்வரை அவளை ஓட்டப் பந்தயத்தில் விடாதீர்கள். தன் போக்கில் விளையாடட்டும். கோடை விடுமுறை என்று கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ கூட்டிப் போகாதீர்கள். 2,000 மீட்டருக்கு மேல் காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு, நுரையீரல் குழாய்கள் மேலும் இறுகும். பரிசோதனையன்று திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தப்படும். ஆனால் வெறும் தண்ணீரை இரண்டு மணி நேரம் முன்புவரை கொடுக்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். இத்தகைய குழந்தையை நெடுநேரம் வறண்டிருக்க விடக் கூடாது. முடிந்த பிறகு சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால் அவளுக்குப் பிடித்த கதையோ படமோ கையில் இருக்கட்டும். அறிக்கை வாங்கும்போது முடிவு வரியை மட்டும் வாங்காமல், ஒவ்வோர் அறையின் அழுத்தமும் செறிவும் எழுதிய முழுத் தாளையும் கேட்டு வாங்குங்கள். வேறொருவரிடம் கருத்துக் கேட்க நேர்ந்தால் குழந்தையை மறுபடி மேசையில் படுக்க வைக்காமல் அந்தத் தாளே பேசும். தேதி கிடைக்கச் சில வாரங்கள் ஆகியிருக்கலாம். இருந்தாலும் அன்று காலையில் அவளுக்கு மூக்கு ஒழுகினாலோ உடம்பு சுட்டாலோ மறைக்காமல் சொல்லி, வேறு தேதி கேளுங்கள்.